பின்சுவர் ஓரத்துச் செடிகள்

வெளிச்சம் வராத வீட்டில் என்ன செடி வைக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் வாய் மூடாமல் பேசுவேன். பகலில் விளக்கை அணைத்துவிட்டுக் கையை நீட்டிப் பாருங்கள், தரையில் மங்கலாகவாவது நிழல் விழுந்தால் மணி பிளான்ட் வரும். நிழலே விழவில்லை என்றால் ஸ்னேக் பிளான்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றதை வாங்கி அதன் பாவத்தைக் கொட்டிக்கொள்ளாதீர்கள். தண்ணீர் ஊற்றும் முன் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். ஈரம் தட்டினால் செம்பைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை இருந்தால் பாருங்கள். இருட்டில் இருக்கும் செடிகளில் பாதிக்கு மேல் நாம் ஊற்றும் தண்ணீரால்தான் சாகின்றன. இதையெல்லாம் சொல்லுவேன். மண் காய்ந்திருந்தால் நல்லது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

ஜவ்வாது மலைமேல் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தபோது ஏற்பட்ட பழக்கம் இது. நாங்கள் செங்கத்துக்காரர்கள். எனக்கு மலையில் வேலை கிடைத்ததும் கணவரும் தன் சரக்கு வண்டியோடு மேலே வந்துவிட்டார். மலையில் ஏற்றிய புளியையும் பலாவையும் செங்கம் சந்தையில் இறக்கிவிட்டு, மளிகை மூட்டைகளோடு திரும்புவார். நாளுக்கு இரண்டு நடை. ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த வீட்டின் சொந்தக்காரர் கீழே கலசப்பாக்கத்துப் பக்கம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். மலைச்சரிவைப் பொக்லைன் வைத்து வெட்டி, வெட்டிய மண்ணோடு ஒட்டினாற்போல் பின்சுவரை எழுப்பியிருந்தார். அடி நிலம்கூட வீணாகவில்லை என்று பெருமையாகச் சொன்னார். மலைக்காரர்களின் வீடுகள் எல்லாம் சரிவை விட்டுத் தள்ளி, சமதரையின் நடுவில் தனித்தனியாக நின்றன. வீட்டுக்குப் பின்னால் அவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே என்று நானும் கணவரும் பேசிச் சிரித்திருக்கிறோம். யார் விவரம் இல்லாதவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சமையலறை. ஜன்னல் முன்னறையில் மட்டும்தான். பின்னறைக்கு வெளிச்சம் வாசல் வழியாக நுழைந்து, முன்னறையைக் கடந்து, மிச்சம் மீதியாக வந்து சேர வேண்டும். பட்டப்பகலில் அங்கே அரிசியில் கல் பொறுக்க முடியாது.

ஆனால் அந்தப் பின்சுவர் குளிர்ந்திருக்கும். முதல் கோடையில் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏய், இங்க வந்து சொவுத்துல கைய வெச்சுப் பாரு. ஏசி மாதிரி கீது.”

சித்திரையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, அதுவும் ஆவியாகிப் போய், தூங்காமல் புரண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள். குளிர்ச்சி என்றால் எங்களுக்கு அது வரம், அவ்வளவுதான். அன்றைக்கே கட்டிலை இழுத்து அந்தச் சுவரோடு சேர்த்துப் போட்டோம். கீழேயிருந்து உறவுக்காரர்கள் வந்தால் காப்பி கொடுக்கும் முன் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவோம். அவர்களும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பொறாமைப்படுவார்கள். ஒரு சுவர் சித்திரை மாதத்தில் எங்கிருந்து இவ்வளவு குளிர்ச்சியை வாங்குகிறது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. ஆறாம் வகுப்புக்கு நிலத்தடி நீர் பாடம் நடத்துகிறவள் நான், என் வாயிலும் வரவில்லை.

பின்சுவரில் இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு நீளமான கடப்பைக்கல்லைப் பதித்திருந்தார்கள். சாமான் வைக்க. அதில்தான் என் செடிகள் குடியேறின. முதலில் கண்டதையும் வாங்கிக் கொன்றேன். சிவப்பும் மஞ்சளுமாக இருந்த குரோட்டன் மூன்று வாரத்தில் சாயம் போன துணியாகி இலையை உதிர்த்தது. ரோஜா வந்த வேகத்தில் போனது. பிறகு கைபேசியில் பார்த்தும், கெட்டுத் தெளிந்தும் கற்றுக்கொண்டேன். ஸ்னேக் பிளான்ட் இரண்டு தொட்டி, மணி பிளான்ட் மூன்று பாட்டில், வெள்ளைப் பூப் பூக்கும் பீஸ் லில்லி ஒன்று. செம்மண், மணல், தேங்காய் நார்த்தூள் மூன்றும் சம பங்கு. வாரத்துக்கு இரண்டு தொட்டிகளுக்கு முறை வைத்து முன்னறை ஜன்னலில் லீவு. ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைப்பது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தொட்டியையும் பாதிச் சுற்று திருப்பி வைப்பேன். இருட்டறைச் செடி வெளிச்சம் வரும் பக்கமாகவே கழுத்தை நீட்டிக்கொண்டு போகும், திருப்பாமல் விட்டால் ஒரு பக்கமாகக் கோணிவிடும். பள்ளியில் எனக்கு ‘செடி டீச்சர்’ என்று பெயரே வந்துவிட்டது. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஆவணியில், சரக்கு இல்லாத ஒரு நாள், கணவர் மலைப்பாதையில் ஒரு வளைவில் பைக்கோடு விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். என் காலில் இரும்பு எதற்கு என்று அவர் ஒரே பிடியாக நின்று நாட்டுக் கட்டு போட்டுக்கொண்டார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, ஐப்பசி முடியும் வரை மல்லாந்தே கிடக்க வேண்டும், ஒருக்களித்துக்கூடப் படுக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார் வைத்தியர். முன்னறை ஜன்னலுக்கு வெளியே ஊர்ப் பாதை. போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து இன்னா ஆச்சு என்று கேட்பார்கள். அதனால் அவர் பின்னறையையே கேட்டார். அந்தச் சுவரோரம், அந்தக் கட்டில்.

முதல் வாரம் அவர் பேசவே இல்லை. சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். நாளுக்கு இரண்டு தரம் மலை இறங்கி ஏறியவர் ஒரு இருட்டறைக்குள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அவர் கட்டிலின் கால்மாட்டுக்கு மேலேதான் அந்தக் கல் அலமாரி. மற்ற இடங்களில் இருந்த நல்ல செடிகளையும் கொண்டுவந்து அவர் கண்ணில் படும்படி அதில் அடுக்கினேன். முதலில் முறைத்தார். பத்து நாள் கழித்து, நான் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, “மூணாவது பாட்டில்ல புது இல சுருட்டினு வருது, பாத்தியா?” என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

கல்லின் ஓரத்தில், சுவரை ஒட்டி இருந்த பீஸ் லில்லிதான் முதலில் தொல்லை கொடுத்தது. அந்தத் தொட்டி மண் காயவே காயாது. எப்போது விரல் வைத்தாலும் சொதசொதவென்று இருக்கும். தண்டு அழுகிச் செத்தது. புது மண், புதுத் தொட்டி, புதுச் செடி வைத்தேன். அதுவும் அழுகியது. எனக்குக் கோபம் அவர் மேல் திரும்பியது. படுக்கையருகில் குடிக்க வைக்கும் தண்ணீரை, நான் இல்லாதபோது, உதவிக்கு வருகிறவர்களிடம் சொல்லி ஊற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“நான் ஊத்தவும் இல்ல, ஊத்தச் சொல்லவும் இல்ல” என்றார்.

“பின்ன யாருங்க ஊத்துனது? சொவுரா ஊத்துச்சு?”

அந்தச் சண்டை இரண்டு நாள் நடந்தது. நான் கேட்ட கேள்விக்கான பதில் அவர் தலையிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

புரட்டாசியில் கல்லும் சுவரும் சேரும் இடத்தில் மயிர்க்கோடாக ஒரு விரிசல் தெரிந்தது. சில நாளில் அதிலிருந்து பச்சையாக ஒன்று சுருண்டு எட்டிப் பார்த்தது. பெரணி. ஓடையோரப் பாறை இடுக்குகளில் முளைக்குமே, அது. தொட்டி இல்லை, மண் இல்லை, யாரும் விதைக்கவில்லை, வீட்டின் மிக இருட்டான மூலையில் தானாக வளர்ந்தது. நான் படம் எடுத்துச் செடி வளர்ப்பவர்களின் குழுவில் போட்டேன். இருட்டில் இப்படி ஒரு பெரணியா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கணவருக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

“வாடக குடுக்காம ஒருத்தன் குடி வந்துட்டான் பாரு” என்று சிரிப்பார். தினமும் காலையில் அதன் இலைகளை எண்ணிச் சொல்லுவார். பதினொன்று வரை எண்ணினார்.

பள்ளிச் சமையல்காரப் பெண், என் வயதுதான், மலைக்காரி, தினமும் காலையில் வந்து அவரைத் துடைத்துவிட்டுத் துணி மாற்ற எனக்குக் கை கொடுப்பாள். அவள் ஒரு நாள் மூக்கைச் சுளித்தாள்.

“இன்னா டீச்சர், இந்த ரூமுல ஓடத் தண்ணி வாசன அடிக்குது?”

“செடிக்கு எரு போட்டிருக்கேம்மா” என்றேன்.

அடுத்த வாரம் அவள் துடைப்பத்தோடு குனிந்தவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நண்டைப் பிடித்துத் தூக்கினாள். விரல் நீளம், சேற்று நிறம். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். “வூட்டுக்குள்ள நண்டு புடிச்சு கொழம்பு வெக்கிற ஒரே டீச்சர் நீங்கதான்” என்று சொல்லி அதைப் பாத்திரத்தில் போட்டு வெளியே கொண்டுபோய் விட்டாள். வெளியே எந்த ஓடையும் இல்லை. அது எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டுப் பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய பாறைகளின் மேல் நீர் வழிந்து மலை முழுக்க வெள்ளையாகக் கோடு போட்டது போல் இருந்தது. எங்கள் பின்சுவர் வேர்த்தது. நான் துணியால் துடைப்பேன், திரும்பி வருவதற்குள் மறுபடி முத்து முத்தாக நிற்கும். செடிகள் மட்டும் அந்த ஈரத்தில் பளபளவென்று, வாங்கி வந்த நாளைவிட அழகாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வழக்கம்போல் தொட்டிகளைத் திருப்பினேன். அவர் கண்ணயர்ந்திருந்தார். ஸ்னேக் பிளான்ட் இரண்டும் வெளிச்சப் பக்கமாக, அதாவது எங்களைப் பார்த்து, சாய்ந்து நின்றன. எவ்வளவு கழுத்தை நீட்டுகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே முதல் தொட்டியைப் பாதிச் சுற்று திருப்பினேன். இப்போது அது சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

அது எங்களைப் பார்த்தே சாய்ந்திருந்தது.

இன்னொரு முறை திருப்பினேன். அப்போதும் அப்படியே. அந்தச் செடியின் இலை கத்தி மாதிரி விறைப்பானது, வெளிச்சத்துக்காக அப்படியெல்லாம் வளையாது என்பது எனக்கே தெரிந்த பாடம். தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தேன். எல்லாத் தட்டிலும் தண்ணீர் முன்விளிம்பில் மட்டும் தேங்கியிருந்தது. பின்பாதி உலர்ந்திருந்தது. எத்தனை வாரமாக அப்படி இருக்கிறது என்று யோசித்தேன். நிறைய வாரமாக. நான்தான் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செடி வெளிச்சத்தைத் தேடிச் சாயும். தொட்டி சாயாது. கல் சாய்ந்திருந்தது என்றால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வருகிறது. அதன் அடியில் காலை அசைக்க முடியாமல் என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு கையில் அந்த ஸ்னேக் பிளான்ட் தொட்டியை இடுக்கிக்கொண்டு, மழையில், செருப்பில்லாமல் பள்ளிக்கு ஓடியிருக்கிறேன். செடியைக் காட்டி விளக்கப் போகிறேனாம். சமையல்காரப் பெண் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக் காவலரையும் பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று பேரையும் கூட்டிவந்தாள். நான்கு பேரும் ஒரு பெஞ்சுப் பலகையை அவர் காலுக்கும் இடுப்புக்கும் அடியில் கொடுத்து, போர்வையோடு சேர்த்துக் கட்டித் தூக்கினார்கள். அவர் வலியில் கத்தினார். பிறகு என்னைத் திட்டிக் கத்தினார். பள்ளியில் ஒரு வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

சுவர் விழவில்லை. அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை.

மழை நின்று நல்ல வெயில் அடித்தது. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. செடி சொல்லிச்சாமே, டீச்சர் கேட்டாங்களாமே என்று சிரித்தார்கள், பகையில்லாமல்தான். எவர் கண்ணிலும் படக் கூடாது என்று பின்னறையைக் கேட்டு வாங்கிய மனுஷன், பள்ளிக்கூடத்தில் நடுவில், கட்டுப் போட்ட காலோடு எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு கிடந்தார். வீட்டுக்காரர் கீழேயிருந்து வந்து பின்சுவரை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினார்.

“கம்பி போட்டுக் கட்டுன சொவுருங்க டீச்சர். அன்னிக்கு மேஸ்திரி லெவலு பாக்காம கல்ல வெச்சுட்டுப் போய்ட்டான். அது மொதல்லேர்ந்தே அப்படித்தான் கீது.”

கேட்க நியாயமாக இருந்தது. நான் அந்தக் கல்லை முதல் நாளிலிருந்து மட்டம் பார்த்திருக்கிறேனா என்ன? அவர் போனதும் கணவர் ஆரம்பித்தார்.

“ஒரு செடி சாஞ்சதுக்கு ஒரு ஆள பொணம் மாதிரி நாலு பேரு தூக்குனாங்க. எங்கூட்டுக்கு என்ன கூட்டினு போ.”

“இன்னும் ரெண்டு நாள் பாக்கலாங்க.”

“இன்னாத்த பாக்கறது? எனக்கு என் எடம் வேணும். அந்தக் குளிர்ச்சி வேணும். இங்க ஓட்டுக்கூர அனல்ல கட்டுக்குள்ள அரிச்சு சாவறேன்.”

புதன்கிழமை பள்ளி திறக்க வேண்டும், வகுப்பறை வேண்டும் என்று தலைமை ஆசிரியரும் மெல்லச் சொல்லிவிட்டார். நான் களைத்துப்போயிருந்தேன். செடி டீச்சர் என்ற பெயர் கேலிப் பெயராக மாறியதும் எரிச்சலாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, அறையைத் தயார் செய்து வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இதற்கு மேல் எழுதுவதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பின்னறைக் கதவு திறக்கவில்லை. தள்ளினேன், அசையவில்லை. மழைக்குக் கதவு உப்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டு நாளாக நல்ல வெயில். உப்பிய கதவு விளிம்பு முழுக்க இறுக்கும். இது மேல்மூலையில் மட்டும் நிலையைக் கடித்துக்கொண்டு, கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. நிலை கோணியிருந்தால்தான் அப்படி ஆகும். அது எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். நான் ஒரு நிமிடம் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தோளால் இடித்துத் திறந்தேன்.

உள்ளே போய்ச் சுவரைத் தொட்டேன். வேர்வை இல்லை. கை உலர்ந்தே திரும்பியது. பெரணியின் இலை நுனிகள் சுருண்டு, பழுப்பாகி, சலசலத்தன. ஓரத்தில் இருந்த அழுகல் தொட்டியில் விரலை விட்டேன். இரண்டு கணு ஆழத்துக்கும் பொடிப் பொடியாகக் காய்ந்திருந்தது. அவ்வளவு மாதத்தில் அந்தத் தொட்டி காய்ந்தது அன்றைக்குத்தான்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். இருட்டறைச் செடிக்காரிக்குக் காய்ந்த மண்ணைவிட நல்ல செய்தி வேறு என்ன? சுவர் சரியாகிவிட்டது, ஈரம் போய்விட்டது, பயம் போய்விட்டது. மூன்று நாள் பெய்த மழை மலைக்குள் இறங்கி, வழக்கமாகக் கசிந்து வெளியேறும் வழி மண் சரிந்து அடைபட்டு, அந்தச் சுவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது என்பது பிறகு வந்து பார்த்தவர்கள் சொல்லித்தான் புரிந்தது. அன்றைக்கு நான் பெருக்கினேன். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். அவர் தலையணையைத் தட்டி, சுவரோடு ஒட்டி வைத்தேன். வெளியே வரும்போது கதவு மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

“காஞ்சிடுச்சுங்க. போலாம்” என்றேன்.

“பாத்தியா?” என்றார் அவர். மூன்று நாளில் முதல் தடவையாக முகம் மலர்ந்தது.

அதே நான்கு பேர் மதியம் வந்தார்கள். சும்மா சுமக்க வைத்து அனுப்புவதா என்று சமையல்காரப் பெண் முதலில் சாப்பாடு போட்டாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மூன்று பேர் கை கழுவிவிட்டு வந்து அவரைப் பலகையோடு கட்டியும் ஆகிவிட்டது. காவலர் மட்டும் ரசத்துக்கு மறுசோறு கேட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் சாப்பிடுவார் என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன்.

“இன்னாங்க, பந்தி இன்னும் முடியலையா?” என்று பலகையில் படுத்துக்கொண்டே கணவர் குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம். டிப்பர் லாரி ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி, ஆனால் கொட்டி முடியவே இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காவலர் கையில் சோற்றோடு எழுந்து நின்றார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வீட்டின் முன்பக்கம் அப்படியே நின்றது, வாசல் கதவு, ஜன்னல், கம்பியில் நான் காயப்போட்டிருந்த பழைய விரிப்பு உட்பட. வாசலில் நின்று உள்ளே பார்த்தால் முன்னறைக்குப் பிறகு வீடு இல்லை. செம்மண்ணும் கல்லும் வேர்களும் கதவு நிலை வரை வந்து நின்றிருந்தன. அதன் நடுவில் எங்கிருந்தோ தெளிந்த தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. கட்டிலின் ஒரு கால்கூடக் கண்ணில் படவில்லை.

சமையல்காரப் பெண் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பி வகுப்பறைக்கு வந்தேன். பலகையில் கட்டுண்டு கிடந்த கணவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“நீ இப்பத்தான அங்கேர்ந்து வந்த” என்றார். பிறகு குழந்தை மாதிரி அழுதார்.

இப்போது செங்கத்தில் இருக்கிறோம். இரண்டு வீடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தரைத்தள வீடு, இதிலும் வெளிச்சம் குறைவு. அவருக்குக் கால் ஒரு விரற்கடை குட்டையாகச் சேர்ந்தது, ஆனாலும் வண்டி ஓட்டுகிறார். அன்றைக்கு நான் இடுக்கிக்கொண்டு ஓடிய ஸ்னேக் பிளான்ட் கூடத்தில் இருக்கிறது, குட்டி போட்டு நான்கு தொட்டியாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அதைக் காட்டிக் கதை சொல்லுவார்.

“நான் போகணும் போகணும்னு சண்ட போட்டேன். இவ அசையவே இல்ல. இவ மட்டும் எங்கூட சேந்து ஆடியிருந்தா, அன்னிக்கே எனக்குப் பால் ஊத்தியிருப்பாங்க.”

காஞ்சிடுச்சு, போலாம் என்று நான் சொன்னது அந்தக் கதையில் எப்போது விழுந்துபோனது என்று எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே விட்டாரா, நிஜமாகவே மறந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்பவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள். நான் காப்பி கொண்டுவரப் போவதாக உள்ளே போய்விடுவேன். காவலர் ஒரு கை ரசம் சோறு குறைவாகச் சாப்பிட்டிருந்தால் அந்தப் புது விரிப்பின் மேல் நான்தான் அவரைக் கிடத்தியிருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, யாரும் இல்லாதபோது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் தொட்டி மண்ணில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவரே பார்க்கிறார், ஈரமாக இருந்தாலும் முகம் மாறுகிறது, காய்ந்திருந்தாலும் முகம் மாறுகிறது.

“அன்னிக்குக் காலையில அந்தப் பின்ரூம் கதவு தெறக்கலைங்க” என்றேன். “மேல மட்டும் புடிச்சுனு இருந்துச்சு. நான் இடிச்சுத்தான் தெறந்தேன்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மழைக்குக் கதவு உப்பும்ல” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.